ஆராதனைக் குழுவில் கிட்டார் பிடிக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே, ஸ்தோத்திரம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பாட்டு, எந்த கீ என்று இந்நேரம் வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்திருப்பீர்கள். சென்னையில் ஒரு சபையில் ஒன்பது வருடம் நானும் அதே வேலைதான் பார்த்தேன், பேஸ் கிட்டாருடன். டிரம்ஸை வெளியே போடு, ஆர்கனும் பாமாலையும் போதும் என்று சொல்ல வந்த பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. ராக் இசை வெளியிலிருந்து சபைக்குள் புகுந்தது என்பதே பாதிக் கதைதான். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண்மணி 1940களிலேயே எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு சுவிசேஷப் பாட்டுப் பாடினார். பின்னால் வந்த ராக்காரர்கள் அவரிடம் எடுத்துக்கொண்டது நிறைய.

எனக்கு வழக்கு பாட்டு வரிகளோடுதான்.

'அபவ் ஆல்' என்ற ஆங்கில ஆராதனைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிலுவையில் தொங்கும் இயேசு, எல்லாவற்றுக்கும் மேலாக என்னை நினைத்தார் என்று முடியும். மெட்டு அழகு, நானே கண்ணை மூடிப் பாடியிருக்கிறேன். ஆனால் புனித வெள்ளியன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிக்கிற சனம் நாம். அந்த ஏழில் ஆணி அடித்தவனுக்கு மன்னிப்பு இருக்கிறது. பக்கத்துச் சிலுவைக்காரனுக்குப் பரதீசில் இடம் இருக்கிறது. பெற்ற தாய்க்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது, தாகம் இருக்கிறது. 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற அலறலும் இருக்கிறது. எல்லாரையும்விட நீதான் முக்கியம் என்று அவர் யாரிடமும் சொன்னதாக நான் வாசிக்கவில்லை.

'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற அந்த நாலாவது வார்த்தையைத்தான் நம் பாட்டுப் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

'ஓஷன்ஸ்' என்ற ஆங்கிலப் பாட்டு 2013ல் வந்த புதிதில் அதைப் பாடாத இளைஞர் கூட்டம் இல்லை. இயேசுவின் சீடர் பேதுரு கடல்மேல் நடந்த கதை. மீனவர்கள் வாழும் காசிமேட்டுப் பக்கம் ஒரு கூட்டத்தில் நாங்களும் பாடினோம். பாடிய பிறகு, பின்வரிசையில் இருந்த ஓர் அண்ணன் என்ன அர்த்தம் என்று கேட்டார். கால் எட்டாத ஆழத்துக்கு என்னைக் கூட்டிப் போம் என்று கேட்கிறோம் அண்ணா என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கரைக்குக் கொண்டு வந்து சேருன்னுதான் தம்பி நாங்க வேண்டிக்குவோம்" என்றார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பது அந்தக் கரையில் யாருக்கும் மறக்காது. பாட்டை எழுதியவர்கள்மேல் குற்றம் இல்லை. அவர்களுக்குக் கடல் ஓர் உவமை. பேதுருவுக்கே அது ரொம்ப நேரம் உவமையாக இருக்கவில்லை. முழுக ஆரம்பித்ததும் 'ஆண்டவரே, என்னை இரட்சியும்' என்றுதான் கத்தினார். மூன்றே சொல். அதற்கு மெட்டுப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை என் அக்கா மகனை அடக்கம் செய்தோம். வயது 22, பைக் விபத்து. மறுநாள் காலை அக்கா சபைக்கு வந்தாள். வேறு எங்கே போவாள்? முதல் பாட்டு, வெற்றி வெற்றி என்று துள்ளிக் குதிக்கிற பாட்டு. இரண்டாவது, உன் வாழ்க்கையில் எல்லாம் மாறும் என்கிற பாட்டு. கை தட்டுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரியுங்கள் என்று மேடையிலிருந்து குரல் வந்தது. அக்கா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பட்டியல் வியாழக்கிழமையே போட்டாயிற்று, அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மாற்றியிருந்தாலும் பாட என்ன இருந்தது? அன்றிலிருந்து அவள் பாட்டெல்லாம் முடிந்து பிரசங்கம் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் உள்ளே வருகிறாள்.

வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ம் சங்கீதம் ஒரு வெளிச்சமும் இல்லாமலே முடிந்துபோகிறது. அந்தச் சங்கீதங்களைப் பாடிய தாவீதுக்கும் கோராகின் புத்திரருக்கும் இருந்த உரிமை என் அக்காவுக்கு இல்லையா?

இந்த இசை பிறந்தபோது இப்படி இருக்கவில்லை என்பதுதான் வருத்தம். கிறிஸ்தவ ராக்கின் முன்னோடி என்று சொல்லப்படும் அமெரிக்கர் லாரி நார்மன் 1972ல் வெளியிட்ட இசைத்தட்டில், கறுப்பின மனிதன் நள்ளிரவில் கொல்லப்படுவதைப் பாடினார். பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுச் சந்திரனுக்குப் போனாயே என்று தன் நாட்டையே கேட்டார். நமக்கு வந்து சேர்ந்ததோ வடிகட்டின மிச்சம். 2017ல் 'ரெக்லெஸ் லவ்' என்ற பாட்டு வந்தபோது, தேவனுடைய அன்பைப் பின்விளைவு பாராத அன்பு என்று சொல்லலாமா என்று பாஸ்டர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு சொல்லுக்கு அத்தனை விவாதம். பாட்டிலேயே இல்லாமல் போன சொற்களைப் பற்றியும் கொஞ்சம் விவாதித்திருக்கலாம்.

நல்லதும் இல்லாமல் இல்லை. ஆராதனைப் பாடகர் மேட் ரெட்மேன் 2002ல் தந்த 'பிளெஸ்ட் பி யுவர் நேம்' பாட்டு, 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்ற யோபுவின் வார்த்தையை எடுத்துக்கொண்டது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்து, தலையைச் சிரைத்துத் தரையில் விழுந்தவன் சொன்னது அது. அதையும் நாம் கைதட்டிக் குதிக்கிற வேகத்துக்கு ஏற்றிவிட்டோம். நானும்தான், பேஸில் எட்டு எட்டாக அடித்து.

தமிழில் மாற்றிப் பாடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 'நீர்' போய் 'நீங்க' வந்ததில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி நம்மிடம் இருக்கிறது: நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு. கர்த்தருடைய ஜெபமே 'எங்கள் பிதாவே' என்றுதான் தொடங்குகிறது. இரண்டையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, என்னை, எனக்கு, என்னோடு என்றே பாட்டு முழுக்கப் போனால், முந்நூறு பேர் நிற்கிற ஆலயத்தில் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டது போல் இருக்கிறது.

அயர்லாந்தின் யூ டூ ராக் குழுவைக் கிறிஸ்தவ ராக் கணக்கில் பலர் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் 1983ல் 40ம் சங்கீதத்தைப் பாட்டாக்கி, இன்னும் எவ்வளவு காலம் என்ற கேள்வியையும் அதில் சேர்த்தார்கள். பல வருடம் கச்சேரியை அதோடுதான் முடித்தார்கள். குழு மேடையை விட்டு இறங்கிப் போன பிறகும் கூட்டம் அந்தக் கேள்வியைப் பாடிக்கொண்டே நிற்கும். ஸ்டேடியத்தில் முடிகிறது, சபையில் முடியாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு தோறும் ஐந்து பாட்டில் ஒன்று, அழுகிறவர்களுக்கு. 13ம் சங்கீதம் ஆறே வசனம். 'எதுவரைக்கும்' என்ற சொல் நாலு முறை வருகிறது, கோரஸுக்கு அதுவே போதும். ஈ மைனரில் ஒரு மெட்டு போட்டு வைத்திருக்கிறேன், நாலு கார்டுதான். பிடிக்காவிட்டால் நீங்களே வேறு போடுங்கள். சனிக்கிழமை பிராக்டீஸுக்கு வரச்சொன்னால் பேஸோடு வருகிறேன். டிரம்ஸ் கட்டாயம் வேண்டும், முதல் இரண்டு வசனத்துக்கு மட்டும் குச்சியைக் கீழே வையுங்கள்.

பாடுகிற அன்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அக்காவைக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் பழைய பேஸ் கிட்டார் அண்ணன்