ரசீதைக் காட்டினால்தான் கல்லறைக் கேட் திறக்குமா?

அன்புள்ள சேகரக் குருவானவர் ஐயரவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன ஐப்பசியில் என் பெரியம்மா இறந்தபோது நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். மழையில் பந்தல் ஒழுகியதும், ஐஸ் பெட்டிக்கு அடியில் சாக்கு விரித்ததும் நினைவிருக்கும். அன்று காலையில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். துக்கமணி அடிக்கச் சொல்ல என் தம்பி, பெரியம்மாவின் மகன், கோயிலுக்குப் போனான். “சந்தா ரசீது இருக்கா?” என்று கேட்டிருக்கிறார்கள். சபைக்குக் கட்டும் சந்தாவில் மாதம் 100 ரூபாய் வீதம் நான்கு வருஷ பாக்கி, 4,800 ரூபாய். அம்மா செத்து ஐந்து மணி நேரம் ஆகாத பிள்ளை, எதிர்வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டு ஓடினான். ரசீது எழுதப் பேனா ஓடவில்லை. எழுதியவர் உள்ளங்கையில் இரண்டு கிறுக்கு கிறுக்கிப் பார்த்து, கார்பன் தாளைச் சரிசெய்து, நிதானமாக எழுதினார். அப்புறம்தான் மணி அடித்தது.

மாலையில் ஐயரவர்கள் எபேசியர் 2:8, 9 எடுத்துப் பிரசங்கித்தீர்கள். “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்… ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.” நம் செய்கைகளால் இரட்சிப்பு வருவதில்லை என்றீர்கள். நல்ல பிரசங்கம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நீங்கள் அதைச் சொல்லும்போது அந்த ரசீது என் தம்பியின் சட்டைப்பையில் இருந்தது. பிரசங்க பீடம் ஒன்று சொல்கிறது, ரசீது புத்தகம் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

சந்தாவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஊழியருக்குச் சம்பளம், கோயிலுக்குக் கரண்ட் பில், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் எல்லாம் வானத்திலிருந்து மன்னாவாக விழாது. நானும் தவறாமல் கட்டுகிறவன்தான். உயிரோடு இருப்பவரிடம் கேளுங்கள், இரண்டு தரம் வீட்டுக்கு வந்துகூடக் கேளுங்கள். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் சந்தா வேறொன்றாகிவிடுகிறது. சனங்கள் மனதில் ஒரே கணக்குத்தான் பதிகிறது: கட்டினால் கதவு திறக்கும். கல்லறைக் கதவுக்கே இப்படியென்றால் மோட்சத்தின் கதவுக்கு எப்படியோ என்று ஒரு கிழவி நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

இது பழைய வியாதி. 1517-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் என்ற துறவி 95 வாதங்களை எழுத நேர்ந்ததே, காசுக்குப் பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றார்கள் என்பதால்தான். வசூல் ரோமில் பேதுருவின் பேராலயம் கட்ட என்று சொல்லப்பட்டது. அதில் பாதி ஒரு பேராயரின் கடனை அடைக்கப் போனது. அந்த வாதங்களில் 43-வது, சீட்டு வாங்குகிறவனைவிட ஏழைக்குக் கொடுக்கிறவனும் இல்லாதவனுக்குக் கடன் கொடுக்கிறவனும் மேலானதைச் செய்கிறான் என்கிறது. அன்று 4,800 ரூபாய் கைமாற்று கொடுத்த எதிர்வீட்டுக்காரர் நம் சபை அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. அவரை நினைக்காமல் எனக்கு அந்த வாதத்தை வாசிக்க முடியவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் நாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? ஆர்.சி.காரர்கள், அதாவது ரோமன் கத்தோலிக்கர்கள், கிரியையால் மோட்சம் போகப் பார்க்கிறவர்கள், நாம் விசுவாசத்தால் போகிறவர்கள் என்று. அது சரியில்லை. லூத்தருக்கு எதிராகக் கூடிய திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கப் பேரவையே 1547-இல் இதைப்பற்றி எழுதிய முதல் விதி, கிருபை இல்லாமல் தன் சொந்தக் கிரியைகளால் ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனைச் சபிக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் சபைகளும் கத்தோலிக்க சபையும் இந்த விஷயத்தில் கூட்டு அறிக்கையில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லைதான். ஆனால் பக்கத்துத் தெருவைக் காட்டிக் காட்டி, நம் கோயிலுக்குள் நடப்பதைப் பார்க்காமலே இருந்துவிட்டோம்.

இதையே பிடித்துக்கொண்டு, “கிரியையால் ஆகாது என்று தெரிந்துவிட்டதே, இனி எதற்கு மெனக்கெட?” என்று சொல்கிறவர்களும் நம்மில் உண்டு. கன்வென்ஷன் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு, மறுநாள் வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பிடிக்கிறவர்கள். அவர்களுக்காகத்தான் யாக்கோபு தன் நிருபத்தை எழுதினார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்ற அதே இரண்டாம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பொன்மோதிரம் போட்டவன் ஆலயத்துக்கு வந்தால் நல்ல இடம், கந்தை உடுத்தியவன் வந்தால் “அங்கே நில்லு”. லூத்தர் அந்த நிருபத்தை வைக்கோல் என்று சொன்னார், உண்மைதான். அதே 1522-இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முகவுரையில், விசுவாசம் சும்மா இருக்கவே இருக்காது, நன்மை செய்யலாமா என்று கேட்பதற்கு முன்னாலேயே செய்து முடித்திருக்கும் என்றும் அவர்தான் எழுதினார். எபேசியரிலும் ஒன்பதோடு நிறுத்திவிடுகிறோம். பத்தாம் வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கனிதான் மரத்தை உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை. அதற்காகக் காய்க்காத மரத்தை யாரும் மெச்சுவதும் இல்லை.

பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் சந்தா கட்டாத நான்கு வருஷமும் கைப்பிடி அரிசி நிற்கவில்லை. உலையில் அரிசி போடுமுன் ஒரு கை அள்ளி அலமாரி மேலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார்கள். ரேஷன் அரிசிதான். கை நடுங்கி, பாதி தரையில் சிந்தும். அதையும் பொறுக்கிப் போடுவார்கள். பாட்டில் நிறைந்ததும் யாராவது கோயிலுக்கு எடுத்துப்போவோம். அதற்கு ரசீது கிடையாது. யார் வீட்டு அரிசி என்றுகூட யாரும் கேட்டதில்லை. “இவ்வளவு வருஷமா போடுதீங்களே பெரியம்மா” என்று ஒருதரம் சொன்னேன். “என்னத்தப் போட்டேன்?” என்றார்கள். அது பணிவாகச் சொன்ன வார்த்தை இல்லை, நிஜமாகவே அவர்களுக்கு அது கணக்கில் இல்லை.

மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்பின்போது வலதுபக்கம் நிற்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்: ஆண்டவரே, எப்போது உமக்குப் போஜனம் கொடுத்தோம்? கொடுத்தவர்களுக்கே நினைவில்லை. கிரியையால் இரட்சிப்பு என்று வாதாட அந்த அதிகாரத்தைக் கொண்டுவருகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சம்பாதிக்க நினைத்துச் செய்தவர்களாக இருந்தால் கையில் பட்டியல் இருந்திருக்கும். நம் கோயிலில் மின்விசிறியின் றெக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதியிருக்கிறோம். சுற்றும்போது அது தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, பரதீசு உண்டு என்ற வாக்கைப் பெற்ற கள்ளன் எந்த சேகரத்தில் சந்தா கட்டினான் என்று நான் கேட்கப் போவதில்லை. அது சுலபமான கேள்வி. கமிட்டியிடம் நான் கேட்பது இரண்டே காரியம். துக்கமணிக்கும் அடக்கத்துக்கும் ரசீது கேட்கும் வழக்கத்தைத் தீர்மானம் போட்டு நிறுத்துங்கள். பாக்கி இருந்தால் முப்பது நாள் கழித்து, வீட்டில் உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள். கொடுக்க வழியில்லாதவர் என்றால் பாக்கியைக் கணக்கிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டாவது, அடக்க ஆராதனையில் இறந்தவர் கட்டிய சுவரையும் வாங்கித் தந்த ஒலிபெருக்கியையும் சொல்லி “நிச்சயம் பரலோகத்தில் இருப்பார்” என்று பேசுவதை விடுங்கள். பரலோகத்தில் இருக்கட்டும், அதற்குக் காரணமாக ஒலிபெருக்கியைச் சொல்லாதீர்கள்.

என் தம்பிக்கு அந்த 4,800 ரூபாய் திரும்ப வேண்டாம். எதிர்வீட்டுக் கடனைப் பொங்கலுக்குள் அடைத்துவிட்டான். ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தேதியைப் பாருங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மடலை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கமிட்டி அங்கத்தினன் இல்லாததால் எனக்கு உள்ளே இடமில்லை என்று தெரியும். வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன், கூப்பிட்டால் வருகிறேன்.

இப்படிக்கு,
நாற்பது வருஷமாகச் சந்தா பாக்கி வைக்காத ஒரு சபையார்