மணிக்கட்டு வழியாக

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, டொக்டர் அஞ்சியோகிராம் (இதய நாடிகளைப் படம் பிடிக்கும் சோதனை) எடுக்கச் சொல்லியும் தள்ளிப்போடுகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு எழுதுகிறேன்.

எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கும். நின்றால் போய்விடும். வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணி குடித்தே இரண்டு மாதத்தைப் போக்கினேன். அது பெரிய பிழை.

இதயத்துக்குள் குழாய் விடுவது என்றால் யாருக்கும் பயம்தான். நடந்ததைச் சொல்கிறேன். நாடி பிடித்துப் பார்க்கும் அதே இடத்தில், மணிக்கட்டில், ஒரு விறைப்பு ஊசி. நொந்தது அதுதான். பிறகு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கதீட்டர் என்ற குழாய் கைவழியாக இதயம் வரை போனது எனக்குத் தெரியவேயில்லை. சாயம் விட்டதும் இதய நாடிகள் மரக்கிளை போலத் திரையில் விரிந்தன. ஒரு கிளை ஓரிடத்தில் நூலாக மெலிந்திருந்தது. அந்த வழியாலேயே பலூனை அனுப்பி ஊதினார்கள். கோயில் ஏற்றத்தில் வரும் அதே இறுக்கம் அப்படியே வந்தது! பலூன் சுருங்க அதுவும் விட்டது. நாடி மறுபடி ஒடுங்காமல் தாங்கிப் பிடிக்க, அங்கே ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள்.

இந்த வழி எப்படித் தொடங்கியது தெரியுமா? 1929இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டொக்டர், சிறுநீர்க் குழாய்க்கான கதீட்டரைத் தன் கை நாளம் வழியாக 65 சென்ரிமீற்றர், இதயம் வரை செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு. 1977இல் சூரிச்சில் குருயென்ட்சிக் என்ற டொக்டர் முதன்முதலாக விழித்திருந்த ஒருவரின் இதய நாடிக்குள் பலூன் ஊதினார். நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்த வைத்தியமே இல்லை, மச்சான். எங்கள் அப்பாமாருக்குக் கிடைக்காதது.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். இரத்தம் கசியலாம், அரிதாக மாரடைப்போ பக்கவாதமோ வரலாம் என்று சொல்லித்தான் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். உனக்குச் சீனி வருத்தம் வேறு. சாயம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால், இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்தார்களா, சீனிக் குளிசையை நிறுத்தவேண்டுமா என்று முன்கூட்டியே கேள். எல்லாருக்கும் ஸ்டென்ட் வைப்பதில்லை; சிலருக்கு மருந்தே போதும், சிலருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை தேவைப்படும். படம் பார்த்தால்தானே தெரியும்?

நெஞ்சு இறுக்கம் சும்மா இருக்கும்போதும் வந்தால் திகதி பார்த்துக்கொண்டிராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

திகதி கிடைத்ததும் அறிவி. முதல்நாளே பஸ் ஏறி வந்து உன்னோடு நிற்பேன்.

உன் பழைய வாங்குத் தோழன்