12 நாளா, 21 நாளா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியக் கால்பந்து (கையாலும் ஆடும், உடலோடு உடல் மோதும் ஆட்டம்) வீரர்களின் தொழில்வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பதினெட்டு வயதில் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்து இளம் வீரர்களை அழைத்துக்கொள்ளும் தேர்வு) தேர்வாவது, முதல் ஆட்டம், ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம், கடைசி நாளில் சக வீரர்கள் தோளில் சுமந்து வழியனுப்புவது என்று எல்லாவற்றையும் நன்றாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் ஆங்கஸ் பிரேஷா காயத்தால் 28 வயதில் ஓய்வு பெற்றார் என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வரி போதாது என்று சொல்லத்தான் இக்கடிதம்.

2014 டிராஃப்டில் மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் பிரேஷா. மெல்பேர்ன் அணி அவரை எடுத்தது. ஆரம்ப ஆண்டுகளிலேயே தலையில் அடுத்தடுத்து அடிபட்டதால், மெத்தை வைத்த தலைக்கவசத்தோடு ஆடத் தொடங்கினார். 2018 பிரவுன்லோ வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். 1964க்குப் பிறகு கோப்பையையே தொடாத மெல்பேர்ன் 2021இல் பெர்த்தில் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். அடுத்த ஆண்டு, 2028 வரைக்கும் நீளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்புறம் 2023 செப்டம்பரில் மெல்பேர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில் காலிங்வுட் அணிக்கு எதிரான ஆட்டம். தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. பந்தை உதைத்துவிட்டு ஓடி வந்தவர் தலையில், உதையைத் தடுக்க எம்பிக் குதித்த பிரேடன் மேனார்டின் தோள் வந்து மோதியது. நினைவிழந்து விழுந்தவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். மேனார்ட் மீது குற்றமில்லை என்றது, இந்த ஆட்டத்தை நடத்தும் லீக்கின் தீர்ப்பாயம். பிறகு, அப்படிக் குதிப்பவர்தான் விளைவுக்குப் பொறுப்பு என்று விதியைத் திருத்தினார்கள். பிரேஷாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஸ்கேனில் மூளையில் மாற்றங்கள் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில், 167 ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்.

அதே டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? பேடி மெக்கார்ட்டின். செயின்ட் கில்டா அணி பெரிய நம்பிக்கையோடு எடுத்த இளைஞர். மூளையதிர்ச்சி மேல் மூளையதிர்ச்சியாக வந்து, 2019இல் அணியிலிருந்தே விடுவிக்கப்பட்டார். விடாமல் போராடி, தம்பி டாம் ஆடிய சிட்னி அணிக்கு வந்து, 2022இல் இறுதிப்போட்டி வரை ஆடினார். மறு ஆண்டின் தொடக்கத்தில், பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு விழுகையில் தலை தரையில் பட்டது. ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஒரே ஆண்டில் தேர்வான முதல் மூவரில் இருவர் தலையில் பட்ட அடியால் ஆட்டத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். இதைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த ஒரு வரியில் விடுபட்டுப் போனது. பிரேஷாவின் துணைவி, செயின்ட் கில்டாவின் முன்னாள் கேப்டன் டேனி ஃப்ராலியின் மகள். ஃப்ராலி 2019இல், தம் 56ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் கார் விபத்தில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்தபோது சி.டி.இ. இருந்தது தெரியவந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிற நோய் அது. உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய வழியில்லை. இந்த ஆட்டத்தில் முதன்முதலில் அது கண்டறியப்பட்டது ஜீலாங் அணியின் மாபெரும் வீரர் கிரஹாம் ஃபார்மரின் மூளையில். அவராவது 84 வயது வரை வாழ்ந்தார். ரிச்மண்ட் அணிக்கு 173 ஆட்டங்கள் ஆடிய ஷேன் டக் 2020இல் இறந்தபோது வயது 38. அவர் மூளையில் நோய் முற்றிய நிலையில் இருந்தது. அடிலெய்ட் பெண்கள் அணி 2017இல் கோப்பை வென்றபோது அதில் ஆடிய ஹெதர் ஆண்டர்சனுக்கு, 2022இல் இறந்தபோது, 28 வயதுதான். அவருக்கும் அதே நோய்.

சரி, லீக் என்ன செய்கிறது? மூளையதிர்ச்சி ஏற்பட்டால் குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது என்று 2021இல் விதி கொண்டுவந்தார்கள். முன்பு ஒரே வாரத்தில் திரும்பி வந்தவர்கள் உண்டு என்பதால் அது நல்ல மாற்றம்தான். ஆனால் 2024இல் உள்ளூர் ஆட்டங்களுக்கு, சிறுவர்களையும் சேர்த்து, 21 நாள் என்று வைத்தார்கள். தொழில்முறை வீரருக்கு மட்டும் அதே 12 நாள். பெரிய கிளப்புகளில் மருத்துவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள், ஒவ்வொரு படியாகச் சோதித்துத்தான் விடுகிறார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். சோதிப்பது உண்மை. ஆனால் அந்த மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். சனிக்கிழமை அந்த வீரர் களத்தில் வேண்டும் என்று நினைப்பதும் அதே கிளப்தான். வீரரும் தன் இடம் போய்விடுமோ என்ற பயத்தில், தலைவலி இல்லை என்பார். மருத்துவர் பக்கத்தில் இருப்பதால் மூளை ஒன்பது நாள் முன்னதாக ஆறிவிடுமா?

ஷேன் டக்கின் மரணத்தை விசாரித்த விக்டோரியா மாநில மரண விசாரணை நீதிபதி ஜான் கெய்ன், 2023 டிசம்பரில் தந்த பரிந்துரைகள் தெளிவானவை. மோதலோடு கூடிய பயிற்சிகளைக் குறைக்க வேண்டும். ஆட்டங்களில் கிளப்பைச் சாராத மருத்துவர்கள் இருக்க வேண்டும். இவற்றில் முதலாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சனிக்கிழமை ஆட்டத்தில் படும் அடியை டிவியில் எல்லோரும் பார்க்கிறோம். வாரநாள் பயிற்சியில் படுவதை யாரும் எண்ணுவதில்லை. பெயர் சொல்லும்படியான மூளையதிர்ச்சிகள் மட்டுமல்ல, கணக்கில் வராத சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இது முரட்டு ஆட்டம், தெரிந்துதானே வருகிறார்கள் என்று பல நண்பர்கள் என்னிடம் சொல்வதுண்டு. முழங்கால் போகும் என்பது தெரியும், தோள்பட்டை விலகும் என்பது தெரியும். ஃபார்மர் ஆடிய 1960களில் மூளைக்கு இப்படி ஆகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? இன்று ஒப்பந்தம் போடுகிற பதினெட்டு வயதுப் பையனுக்குத்தான் எவ்வளவு புரியும்? அதனால்தான், 2023இல் ஜீலாங்கின் முன்னாள் வீரர் மேக்ஸ் ரூக் முன்னின்று தொடுத்த கூட்டு வழக்கில் வீரர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் வாசகர்களின் வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கே சிறுவர்களுக்கான ஆஸ்கிக் பயிற்சியிலும் உள்ளூர் கிளப்புகளிலும் ஆடுகிறார்கள். நானும் இந்த ஆட்டத்தை விரும்புகிறவன்தான், பிள்ளைகளை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த இதழில், மூளையதிர்ச்சி கண்ட பிள்ளை 21 நாள் முடியும் முன் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பதையும், தலை அடிபட்ட அன்றே மறுபடி களத்தில் இறக்கக் கூடாது என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள். பயிற்சியாளரிடம் "என் மகன் இன்று ஆட மாட்டான்" என்று சொல்லத் தயங்கும் பெற்றோருக்கு அது கைகொடுக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மெல்பேர்ன்