பத்திரத்தில் ஒரு வரி

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே எல்லோரும் சுகம். ஆடி பிறந்தும் தாராபுரம் பக்கம் வெறும் காற்றுதான், மழையைக் காணோம்.

பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் சகி மையத்தை விட்டுவிட்டு, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளவில்லை என்று முதியோர் கொடுக்கும் மனுக்களைப் பார்க்கும் வேலைக்கு ஏன் போனாய், மனுவை வாங்கி வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவதைத் தவிர அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மனு வந்தால் நீ சொல்வது சரி. இங்கே மனுவே வருவதில்லை, மல்லிகா. அதனால்தான் இந்த வேலையை விட மனம் வரவில்லை.

நம் பக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஊருக்குள் வீடு இருக்காது. கிளுவை வேலி தாண்டி, கொரங்காட்டு மேய்ச்சல் நிலம் தாண்டி, தோட்டத்து நடுவில் ஒரு சாளை வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அடுத்த வீடு கிடையாது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்ட பிறகு, வயசானவர்கள் மாட்டையும் நாயையும் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறார்கள். சாப்பிட்டார்களா, விழுந்து கிடக்கிறார்களா என்பது பால்காரர் சொன்னால்தான் வெளியே தெரியும். ஒரு பெரியம்மாவைப் பற்றி எனக்குச் சொன்னதும் ஒரு பால்காரர்தான். காங்கேயம் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் போனபோது மகனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மாட்டைப் பற்றிப் பேசினோம். கிணறு வற்றிப்போய் மாடுகளை விற்றாகிவிட்டது, காலிக் கட்டுத்தறியைக் காட்டினார். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அப்படிப் பல தடவை போன பிறகுதான் ஒரு நாள் அடுப்பங்கரைக்குள் விட்டார். அரிசிப்பானையில் ஒன்றுமில்லை. அவர் பெயர் மகனுடைய ரேஷன் கார்டில், திருப்பூரில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் தனிக் கார்டு இல்லாத இவரைத் தேடி அந்த வண்டி எப்படி வரும்? முதியோர் ஓய்வூதியமும் இல்லை. அது 2023இல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. ஆதரவற்றவர் என்று காட்டினால்தான் கிடைக்கும். தோட்டமும் தொழிலும் உள்ள மகன் இருக்கும்போது யார் எழுதிக் கொடுப்பார்கள்?

மனு எழுதலாமா என்று கேட்டேன். "என்ர பையனை அதிகாரி முன்னால நிறுத்திட்டு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு கோயில் நோம்பிக்குப் போறது, கண்ணு? ஒறம்பரை சொந்தம் நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார். இதை வீம்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் மிச்சமிருப்பது அந்த மரியாதை ஒன்றுதான். அதைப் பறித்துக்கொண்டு சோறு போட்டால் அந்தச் சோறு அவருக்கு இறங்காது.

2007ஆம் வருட முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. மனுவை விசாரிக்கும் முன்னால், ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் அதைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் ஒரு மாதத்துக்குள் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் வாதமோ கூண்டோ கிடையாது. அதைத்தான் பெரியம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் சம்மதித்த பிறகு மகனிடமும் பேசினேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். 2025இல் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றிய பிறகு ஆர்டர் குறைந்து, கடன் கழுத்தை நெரிக்கிறது. அம்மாவைப் பார்க்க வந்தால் வெறுங்கையோடு வர வேண்டுமே என்றே வராமல் இருந்திருக்கிறார். இதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தோட்டத்தை இப்போதே தம்பி பேருக்கு செட்டில்மெண்டாக எழுதிக் கொடுக்கப் போகிறார், எனக்குப் பங்கு வேண்டாம் என்று நீ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இந்தப் பெரியம்மாவும் அப்படித்தான் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று மட்டும் இருக்கிறது. சாகும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அப்படியொரு நிபந்தனையோடு எழுதியிருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இது பெரியவர்களின் நன்மைக்கான சட்டம், அவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பு யாருக்குப் பொருந்தும் என்று எழுபத்தைந்து வயதில் அலைய வேண்டுமா? சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் பத்திரம் எழுதுபவரிடம் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல். உயிருள்ளவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உண்டு என்பதையும் எழுதச் சொல்.

தம்பியைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று தயங்குவாய். நல்ல பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சட்டம் பிள்ளைகள் என்று சொல்லும்போது மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சீர் வாங்கிக்கொண்டு போனவள் என்று நீயும் நானும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒதுங்கவும் கூடாது என்றே நினைக்கிறேன்.

தொகுப்பூதியம் பற்றிக் கேட்டாய். அப்படியே இருக்கிறது, சில மாதம் தாமதமாக வருகிறது. பெட்ரோல் கைக்காசுதான். வருத்தம் உண்டு, ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறேன்.

வருகிற புதன்கிழமை சமரச அலுவலர் முன்னால் பெரியம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தை. மாசம் மூவாயிரம் ரூபாய், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு ஒரு எட்டு வந்து பார்க்க வேண்டும், இவ்வளவுதான் பெரியம்மா கேட்கிறார். தனிக் கார்டுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். காலையில் நானே போய் அவரை பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். என்ன ஆனது என்று எழுதுகிறேன். நீ அப்பாவிடம் பேசிவிட்டு, பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்பு. அதுவரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் பூங்கொடி