கேக் குறிப்புகளில் கிராம் அளவும் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் வாரப்பதிப்பின் கேக் குறிப்புகளில் மா, சீனி எல்லாம் கோப்பைக் கணக்கிலேயே தரப்படுகின்றன. 250 மில்லிலீற்றர் கோப்பையில் தண்ணீர் 250 கிராம் கொள்ளும். சீனியோ 220 கிராம் அளவிலும், கரண்டியால் மெதுவாக அள்ளி நிரப்பிய கோதுமை மா ஏறத்தாழ 130 கிராமுமே இருக்கும். அந்த மாவையே பைக்குள் கோப்பையை அமிழ்த்தி அள்ளினால் 150 கிராமையும் எட்டிவிடுவதால், ஒரே குறிப்பைப் பார்த்துச் செய்யும் இரு வீடுகளில் ஒன்றில் கேக் மிருதுவாகவும் மற்றதில் வறண்டும் வருகிறது. அமெரிக்கக் கோப்பை 240 மில்லிலீற்றருக்கும் சற்றுக் குறைவு என்பது வேறு சிக்கல். பிட்டுக்கு மாக் குழைக்கக் கைப்பதமே போதும்; கேக்குக்கு அது சரிவராது. பால், எண்ணெய் போன்றவை கோப்பையிலேயே இருக்கட்டும். மா, சீனி, பட்டர் ஆகியவற்றுக்கேனும் கிராம் அளவை அருகில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.