ஒப்பந்ததாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தின் பெரும்பகுதி இடர் மதிப்பீடும் (வேலையில் என்ன ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே கணிப்பது) பாதுகாப்பான வேலைமுறையும் (அதைத் தவிர்த்து வேலையை எப்படிச் செய்வது என்பது) படிவத்தில் எழுதப் பழகுவதில் போனது.

உறுப்பினர்கள் கொண்டுவந்த படிவங்களை ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். கூரைத் தகடு மாற்றும் வேலைக்கான ஒரு படிவத்தில், ‘தொட்டிக்குள் இறங்குமுன் காற்றைச் சோதிக்கவும்’ என்று இருந்தது. பழைய படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தகடு உடைந்து ஆள் விழக்கூடும் என்பது எங்கும் இல்லை; கீழே நான்கு கையெழுத்துகள் இருந்தன. படித்தபோது மனம் பதறிவிட்டது.

இனிமேல் வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுவது என்று முடிவெடுத்தோம். வால்வு மாற்றும் வேலைமுறையை ஒரு ஃபிட்டரிடம் வாசித்துக் காட்டினோம். “சார், ஏணி அங்க நிக்காது. பைப் மேல ஏறி நின்னுதான் கழட்டுவோம்” என்றார். அன்றே படிவத்தைத் திருத்தினோம். ஏணி போய்ச் சாரம் வந்தது. சாரத்தின் செலவு கொட்டேஷனிலும் ஏறியது. அந்தச் செலவைக் கொட்டேஷனில் காட்டத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, ஆபத்துக் குறைந்த மாற்று உண்டா, தடுப்புப் பொருத்தலாமா, வேலைமுறையை மாற்றலாமா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் ஹெல்மெட்டும் பெல்ட்டும். நம்மில் பலர் ஹெல்மெட்டில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

தொட்டி வேலைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கினோம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. அதனால் மோந்து பார்த்துவிட்டு இறங்குவது சோதனை ஆகாது, மீட்டர் வேண்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த விபத்துகள் பல. ஆகவே வெளியே யார் நிற்பார், எப்படித் தூக்குவார் என்று எழுதாத படிவத்தைச் சங்கம் திருப்பி அனுப்புகிறது.

துணை ஒப்பந்ததாரர்களின் ஆட்களிடம் இது இன்னும் போய்ச் சேரவில்லை. அவர்கள் பேசும் மொழியில், படத்தோடு, ஒரே பக்கத்தில் வேலைமுறை தயாராகி வருகிறது. ஒவ்வொரு உறுப்பினரும் தம் தளத்திலிருந்து ஒரு மேஸ்திரியை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவர வேண்டும். அவர் படித்துச் சொன்ன பிறகே அச்சுக்குப் போகும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்