விமானச் செலவைக் கல்லூரியே ஏற்கும்போது: மேற்கு டெக்சாஸ் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பை முடிக்கப்போகும் உங்கள் மாணவிக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது என்றும், தேர்வு செய்யப்பட்டால் விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு அனைத்தையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் என்று அதில் இருப்பதைப் படித்த அவளுடைய அப்பா, 'யாராவது சும்மா கொடுப்பார்களா?' என்று கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான ஜே-1 விசாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்து அமெரிக்கக் கிராமப்புறப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் நடத்துகிற வேறு சிலரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருப்பதால், உங்கள் அனுமதியோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். நான் சில ஆண்டுகள் ஒரு சிறிய கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் இத்தகைய விண்ணப்பங்களைப் படித்தவள் என்பதால், மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் சொல்ல முடியும்.

அப்பாவின் சந்தேகம் நியாயமானது. யாரும் சும்மா கொடுப்பதில்லை, கல்லூரியும் கொடுக்கவில்லை. 'ஃப்ளை-இன்' என்று எல்லோரும் அழைக்கும் இந்த ஏற்பாடு, ஆள் தேடும் செலவுக் கணக்கில் வருவது. மாசசூசெட்ஸின் வடமேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரிக்கு 'விண்டோஸ் ஆன் வில்லியம்ஸ்', மெய்ன் மாநிலத்துப் போடின் கல்லூரிக்கு 'எக்ஸ்ப்ளோர் போடின்', மினசோட்டாவின் கார்ல்டனுக்கு 'டேஸ்ட் ஆஃப் கார்ல்டன்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் காரணம் ஒன்றுதான். வசதியான புறநகர்ப் பிள்ளைகள் பெற்றோரின் காரில் ஏறி கோடை விடுமுறையில் ஏழெட்டு வளாகங்களைச் சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள். உங்கள் மாணவியைப் போன்றவர்கள் தாமாக அங்கே வரப்போவதில்லை என்று கல்லூரிகளுக்குத் தெரியும். ஆகவே அவள் நன்றிக்கடனோடு போக வேண்டியதில்லை. அவர்கள் அவளைப் பார்க்கப் பணம் செலவழிக்கிறார்கள், அவளும் அவர்களைப் பார்த்துவிட்டு வரட்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான்.

ஏமாற்று எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. உண்மையான ஃப்ளை-இன் திட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அறிவிப்பு கல்லூரியின் சொந்த இணையதளத்தில் சேர்க்கைப் பிரிவின் பக்கத்திலேயே இருக்கும். சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். இதற்கு நேர்மாறாக, 'தலைமைப் பண்பு மாநாட்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்து வீட்டுக்கு வரும் கடிதங்கள், கடைசிப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான டாலரைக் கேட்கும். அவற்றைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் அவற்றுக்கு மதிப்பு கொடுத்து நான் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் இந்தத் திட்டங்களின் பெயரிலேயே 'பல்பண்பாடு', 'பன்மைத்துவம்' என்ற சொற்கள் இருந்தன. கறுப்பின, லத்தீன், பழங்குடி மாணவர்களை நேரடியாகவே அழைத்தார்கள். 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாகக் கொள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்த பிறகு, பல கல்லூரிகள் பெயரையும் வாசகத்தையும் மாற்றிக்கொண்டன. இப்போது 'குடும்பத்தில் முதல் பட்டதாரி', 'குறைந்த வருமானம்', 'கிராமப்புறம்' என்பவையே பெரும்பாலும் முன்னால் நிற்கின்றன. உங்கள் மாணவிக்கு இந்த மூன்றுமே பொருந்துகின்றன. வாசகம் பொதுவாக இருக்கிறதே, இது நமக்கானதுதானா என்று அவள் தயங்கினால், அவளைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் அது எழுதப்பட்டிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடப் பார்த்திராத பொறியியல் கல்லூரியைக் கவுன்சிலிங்கில் தேர்ந்தெடுத்த தலைமுறை நாம். சேர்வதற்கு முன்பு போய்ப் பார்ப்பது நமக்கு ஆடம்பரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த நாட்டில் விண்ணப்பிக்காமலேயே ஒதுங்கிவிடுவதுதான் பெரிய இழப்பு. பொருளாதார அறிஞர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, மிக நல்ல மதிப்பெண் பெற்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரி எதற்கும் விண்ணப்பிப்பதே இல்லை என்று காட்டியது. விண்ணப்பிக்கிற சிலர் பெருநகரங்களில் இருந்தார்கள்; சிற்றூர்களில் இருந்தவர்களுக்கு அப்படிப்பட்ட கல்லூரியில் படித்த ஓர் ஆசிரியரையோ, மேல்வகுப்பு மாணவரையோ சந்திக்கும் வாய்ப்பே அரிதாக இருந்தது.

அங்கே இரண்டு மூன்று நாட்களில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வில்லியம்ஸ் போன்ற இடத்துக்கு நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் இறங்க வேண்டும். கல்லூரியின் வண்டி காத்திருக்கும். முதல் மாலை பெயரட்டையும் பீட்சாவுமாகக் கழிந்துவிடும். அதற்குப் பெரிய மதிப்பு எதுவுமில்லை. இரவில் ஒரு மாணவியின் விடுதி அறையில், தரையில் விரித்த படுக்கையில் தங்குவாள். அங்கேதான் உண்மையான பேச்சு நடக்கும். அதிகாரிகள் யாரும் இல்லாத அந்த அறையில், பனிக்காலத்தில் எப்படி இருக்கிறது, வேதியியலில் முதல் செமஸ்டரில் தடுமாறியபோது யார் உதவினார்கள், வார இறுதியில் பணக்காரப் பிள்ளைகள் நியூயார்க்குக்குக் கிளம்பும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்கச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பு ஒன்றில் உட்கார வைப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேராசிரியரோடு வாதாடுவதைப் பார்த்து மிரண்டுபோகும் பிள்ளைகள் உண்டு, அப்போதே முடிவெடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. கணிதத்தில் விருப்பமுள்ள பெண் என்பதால், பட்டியலில் அவர்கள் காட்டும் 'கவர்ச்சியான' வகுப்பை விட்டுவிட்டு, முதலாண்டுக் கால்குலஸ் வகுப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் பள்ளியில் கால்குலஸ் நடத்த முடியாத நிலையில், அவள் எங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பது அந்த அறையில் தெரிந்துவிடும்.

நிதி உதவி அலுவலருடன் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். நான் பார்த்தவரையில் மாணவர்கள் மிக அமைதியாக இருக்கும் நேரம் அதுதான். வீட்டு வருமானத்தைப் பற்றி நாற்பது பேர் முன்னால் யார் கேட்பார்கள்? துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னால்தான் கேள்விகள் வரும். ஒரு தடவை அப்படி வந்த சீட்டொன்றில், 'கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போகிற டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?' என்று பென்சிலால் எழுதியிருந்தது. அன்று கேட்கப்பட்டவற்றில் அதைவிட நல்ல கேள்வி இல்லை. உங்கள் மாணவியும் இதைக் கேட்கட்டும். கூடவே, விடுமுறையில் விடுதி மூடப்பட்டால் எங்கே தங்குவது, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் உதவித்தொகையில் அடங்குமா, குளிர்கோட்டு வாங்கத் தனி நிதி உண்டா, அப்பாவின் ஓவர்டைம் ஒரு வருடம் கூடிக் குறைந்தால் மறு வருட உதவி எப்படி மாறும் என்பவற்றையும் கேட்கட்டும். கடைசிக் கேள்வி எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவரின் மகளுக்கு மிகவும் முக்கியம்.

கல்லூரி இணையதளத்தில் ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். அது எல்லோரும் கட்டும் தொகை இல்லை. 2011 அக்டோபரிலிருந்து, மத்திய அரசின் மாணவர் உதவியைப் பெறும் கல்லூரிகள், குடும்ப வருமானத்தை உள்ளிட்டால் தோராயமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் கணக்கீட்டுக் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்க வேண்டும். பள்ளிக் கணினியில் அம்மாவை உட்கார வைத்து அதை இயக்கிக் காட்டுங்கள். போடின் 2008-இலேயே உதவித் தொகுப்பிலிருந்து கடனை நீக்கிவிட்டது. வில்லியம்ஸ் 2022-இல் கடனோடு, வளாக வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டாத உதவியாக மாற்றியது. எல்லாக் கல்லூரிகளும் இப்படி இல்லை. ஃப்ளை-இன் நடத்தி அழைத்துவிட்டுப் பிறகு பாதியை மட்டும் கொடுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன, அவற்றை நான் மன்னிப்பதில்லை.

டெக்சாஸில் இருப்பவளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுப்பின் மேல் 10 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் போட்டி அதிகம் என்பதால் 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து அது மேல் 5 சதவீதம். வகுப்பில் முதலாவதாக இருக்கும் உங்கள் மாணவிக்கு அந்த இடம் ஏறத்தாழக் கையில் இருக்கிறது. வருமானம் 1,00,000 டாலருக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்று டெக்சாஸ் பல்கலைக்கழக அமைப்பு 2024 நவம்பரில் அறிவித்ததும் அவளுக்குச் சாதகம். ஆனால் ஆஸ்டினில் தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவு தனி. 'நம்ம ஊர்லயே நல்ல காலேஜ் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்?' என்று அப்பா கேட்டால் அது வெறும் பாசத்தால் வருவதில்லை, கணக்கும் அதில் இருக்கிறது. அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆஸ்டின்தான் வேண்டும் என்று முடிவெடுத்தாலும் அந்தப் பயணம் வீணாகாது. கல்லூரிக்காரர்கள் வருத்தப்படுவார்கள், பட்டுக்கொள்ளட்டும்.

பயண விஷயத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டியவை சில உண்டு. கல்லூரி தானே சீட்டு வாங்கித் தருமா, அல்லது முதலில் நீங்கள் வாங்குங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்பார்களா? இரண்டாவது வகை உங்கள் மாணவியின் வீட்டில் நடக்காத காரியம். அதை அலுவலகத்தில் சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள், சொன்னால்தான். பெட்டிக் கட்டணம், இடைவிமான நிலையத்தில் சாப்பாடு, ஊரிலிருந்து மிட்லண்ட் விமான நிலையம் வரை வண்டிச் செலவு ஆகியவற்றையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பாதுகாப்புச் சோதனையில் அடையாள அட்டை கேட்பதில்லை என்றாலும், விமான நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு என்பதால் பள்ளி அட்டையாவது கையில் இருப்பது நல்லது. குடியேற்ற ஆவணங்களில் சிக்கல் உள்ள வீடாக இருந்தால், அதைப் பற்றி மின்னஞ்சலில் எதுவும் எழுதாதீர்கள். உங்கள் பகுதிச் சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருப்பதையும் நினைவில் வைத்து, அந்தக் குடும்பம் நம்பும் ஒரு வழக்கறிஞரிடம் முதலில் பேசச் சொல்லுங்கள்.

அம்மாவின் பயம் வேறு. பெண்பிள்ளை முன்பின் தெரியாதவர்களோடு இரவு தங்குவதா என்பதற்கு மின்னஞ்சலில் பதில் சொல்ல முடியாது. அந்த வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் என்பதால், சேர்க்கை அலுவலகத்தில் அம்மொழி பேசுகிற ஒருவரை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் அவர்கள் மகிழ்ச்சியாகவே செய்வார்கள். அனுமதிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து, அவசர மருத்துவச் சிகிச்சைக்கான ஒப்புதல் எல்லாம் இருக்கும் என்பதால், அந்த அழைப்பு வந்த பிறகு படிவத்தைக் கொடுங்கள், முன்னால் கொடுத்தால் பயம் கூடும்.

கால அட்டவணை இறுக்கமானது. பெரும்பாலானவற்றுக்கு வசந்தகால இறுதி முதல் ஆகஸ்ட் வரை விண்ணப்பிக்க வேண்டும், பயணம் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள். அதே செப்டம்பர் இறுதியில், குறைந்த வருமானக் குடும்பத்துத் திறமையான மாணவர்களை நல்ல கல்லூரிகளோடு இணைக்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் அமைப்பின் விண்ணப்பமும் முடிகிறது; நான்கு பேர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் பொதுவாக 65,000 டாலருக்குக் கீழ் உள்ள மாணவர்கள் 15 கல்லூரிகள் வரை வரிசைப்படுத்தித் தந்து, பொருத்தம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்கான முழு உதவியோடு சேரலாம். ஒரே கட்டுரையைச் சற்று மாற்றி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்பதால் சேர்த்தே எழுத வையுங்கள். கிராமப்புறத்தவர்களுக்கென்றே 2023 ஏப்ரலில் 16 கல்வி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய 'ஸ்டார்ஸ்' கூட்டமைப்பையும் பாருங்கள். மிசௌரியின் சிற்றூரில் வளர்ந்த பைரன் ட்ராட் குடும்பம் அதற்கு 2 கோடி டாலர் கொடுத்தது, மறு ஆண்டே 32 நிறுவனங்களாக வளர்ந்தது. ஃப்ளை-இன் கிடைத்தால் சேர்க்கையும் கிடைத்தது என்று பொருளில்லை, கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்றும் பொருளில்லை. இரண்டையும் அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அவளுக்கான பரிந்துரைக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவள்' என்று எழுதினால் நாங்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவோம்; எல்லாக் கடிதங்களிலும் அதுவே இருக்கும். பள்ளியில் கால்குலஸ் இல்லை என்பதை முதல் பத்தியில் எழுதுங்கள், ஏனெனில் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவர் அவள் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். அதன் பிறகு வகுப்பில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்: கரும்பலகையில் நீங்கள் போட்ட கணக்குக்கு அவள் வேறு வழி காட்டினாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கணக்கையே கடிதத்தில் போட்டு, அவள் என்ன செய்தாள் என்று இரண்டு வரியில் விளக்குங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஜூன் நடுவில் அனுப்பினால் நான் படித்துத் திருத்தங்கள் சொல்கிறேன்; ஆகஸ்டில் உங்கள் பள்ளி மறுபடி திறந்துவிடும், அப்போது உங்களுக்கும் நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் அக்கா